ஹியூம் செய்த ‘பரிசோதனை’ எது? மனித இயல்பை எங்கே நின்று பார்ப்பது?

வெண்கொக்கு:

வணக்கம். மூன்று மாதமாக ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமின் ‘மனித இயல்பு பற்றிய ஆய்வுரை’யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தபால்வழியில் தத்துவம் முதுகலை படிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆளில்லை, அதனால்தான் இங்கே வருகிறேன்.

என் சிக்கல் நூலின் முகப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 1739-இல் முதல் இரண்டு பகுதிகள் லண்டனில் வெளிவந்தபோது ஹியூமுக்கு 27 வயது. துணைத்தலைப்பில், ஒழுக்கம் சார்ந்த விஷயங்களுக்குள் பரிசோதனை வழியைக் கொண்டுவரும் முயற்சி இது என்று அறிவிக்கிறார். அவருக்கு முன்மாதிரி நியூட்டன். நியூட்டன் கையில் முப்பட்டகம் இருந்தது. இருட்டறை, ஒரு துளை, அதன் வழியே வந்த ஒளி எல்லாம் இருந்தன. விஞ்ஞானி ராபர்ட் பாயிலிடம் காற்றை உறிஞ்சும் பம்பு இருந்தது. ஹியூமிடம் என்ன இருந்தது? முதல் பகுதியை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஒரு மனிதரைக்கூட அழைத்து உட்காரவைத்து எதையும் சோதித்த மாதிரி தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்து யோசித்ததை எழுதிவிட்டு, அதற்கு நியூட்டனின் பெயரைக் கடன் வாங்கினாரா? இதை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நூலை அவ்வளவு நேசித்துப் படிக்கிறேன். அதன் அடித்தளம் ஆடுகிறதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பழைய நாணயம்:

வெண்கொக்கு, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 28 வருடம் கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தியவன் நான். வருடத்துக்கு ஒரு மாணவராவது இதே கேள்வியோடு எழுந்து நிற்பார். அந்த ஒருவருக்காகத்தான் நடத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘அனுபவம்’, ‘பரிசோதனை’ இரண்டுக்கும் நடுவே இன்றிருக்கிற வேலி கிடையாது. கவனமாகப் பார்த்துக் கிடைத்த ஒரு தனி அனுபவத்தையும் பரிசோதனை என்றே எழுதினார்கள். ‘ஒழுக்கம் சார்ந்த விஷயங்கள்’ என்றால் நல்லது கெட்டது மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதரின் மனம், நடத்தை, ரசனை, அரசியல் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

இப்போது முன்னுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் கேள்வியை அவரே கேட்டுக்கொள்கிறார். ஒரு பொருள் இன்னொரு பொருளை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் அந்த நிலையில் வைத்துப் பார்த்தால் போதும். மனித மனத்தில் இது நடக்காது. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நானே என்னை அந்த நிலையில் வைத்தால், ‘இப்போது பார்க்கப்போகிறேன்’ என்ற முன்யோசனையே மனம் இயல்பாக வேலை செய்வதைக் கெடுத்துவிடும். ஆகவே வாழ்க்கையிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டும் என்கிறார். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் அதே வினைச்சொல்லைத்தான் அங்கே போடுகிறார். எங்கே பொறுக்குவது? நாலு பேர் கூடியிருக்கும்போது, தொழில் விவகாரத்தில், பொழுதுபோக்கில் மனிதர்கள் நடந்துகொள்கிற விதத்தில்.

எல்லையில் கிடக்கிற கோட்டையையும் கிராமத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருக்காமல் நேரே தலைநகருக்குப் படையெடுப்போம் என்பதும் அதே முன்னுரைதான். தலைநகரம் என்றது மனித இயல்பை. கணிதமும் இயற்கை அறிவியலும் சமயமும்கூட மனிதரின் அறிதிறனைச் சார்ந்தே நிற்பதால் அதைப் பிடித்தால் மற்றதும் கைக்கு வரும் என்று நம்பினார்.

நாற்காலி என்றீர்கள். 1734-இல் பெயர் போடாமல் ஒரு மருத்துவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இருக்கிறது. நாலைந்து வருடமாகத் தன்னை வாட்டிய நோயை அதில் வரிசையாக எழுதுகிறார்: விரல்களில் வந்த புள்ளிகள், திடீரென்று கிளம்பிய அகோரப் பசி, மருத்துவர் சொல்படி தினம் குடித்த திராட்சை மது, குதிரைச் சவாரி, எந்தக் காலத்தில் எது குறைந்தது, எது கூடியது. அதே கடிதத்தில்தான் முன்னோர்களின் ஒழுக்க நூல்கள் அனுபவத்தைவிடக் கற்பனையையே அதிகம் நம்பியிருக்கின்றன, மனித இயல்பைப் பார்க்காமலே எழுதப்பட்டிருக்கின்றன என்று குறை சொல்கிறார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன் தன் உடம்பையும் மனத்தையும் ஒரு நோயேடு போல எழுதிப் பார்த்த பிறகுதான் ‘ஆய்வுரை’க்கே வருகிறான். எனக்கு அந்தக் கடிதம் நூலைவிட நெருக்கமானது.

கரும்பலகை:

ஒரு சேர்க்கை. வெண்கொக்கு இன்னும் இரண்டாம் பகுதிக்கு வரவில்லை போல. அன்பு, வெறுப்பு பற்றிய பாகத்தில் தலைப்பே ‘பரிசோதனைகள்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. எட்டுப் பரிசோதனைகள், எண் போட்டு வரிசையாக.

நானும் இன்னொருவரும் நிற்கிறோம், எங்களுக்குள் நட்பும் இல்லை, பகையும் இல்லை. முதலில் எதிரே ஒரு சாதாரணக் கல். இருவருக்கும் சொந்தமில்லை, பார்த்தால் சுகமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒன்றும் எழவில்லை. அடுத்து சொந்தத்தை மட்டும் சேர்க்கிறார். பிறகு சொந்தத்தை எடுத்துவிட்டு இனிமையை மட்டும் வைக்கிறார்: இருவருக்கும் புதிதான ஒரு நாட்டில் பயணம், காட்சி அழகு, பாதை சுகம், சத்திரம் வசதி. மனசு குளிர்கிறது, ஆனால் அந்த நாடு நம் இருவருக்குமே உறவில்லாததால் நம்மைப் பற்றிய பெருமையோ அவர்மேல் அன்போ பிறப்பதில்லை. சொந்தமும் இனிமையும் சேரும்போதுதான் பிறக்கிறது. என்னுடையதானால் பெருமை, அவருடையதானால் அன்பு. இனிமைக்குப் பதில் கசப்பானால் சிறுமையும் வெறுப்பும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, ஆய்வுக்கூடத்தில் செய்வதும் அதைத்தானே? கூடம் வாசகரின் மனசுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ‘நீயே சரிபார்த்துக்கொள்’ என்று நம்மிடம் விடுகிறார்.

சாயத்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் படிச்சது பிளஸ் டூதான். திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்ல 19 வருஷமா ஷேடு பார்க்கிற வேலை. ஹியூம் பேரே என் பொண்ணு காலேஜ் புத்தகத்துல பார்த்துத்தான் தெரியும். அதுல ஒரு இடம் என்னைத் தூங்க விடலைங்க.

மனசுல இருக்கிற எந்த எண்ணமும் முதல்ல புலன் வழியா பதிஞ்சதோட நகல்தான்னு சொல்றார். அன்னாசிப்பழம் தின்னாதவனுக்கு அதோட ருசியை நினைக்கவே முடியாதுங்கிறார். சரிதான். ஆனா அடுத்து அவரே ஒரு விதிவிலக்கு கொடுக்கிறார். ஒருத்தன் நீலத்துல எல்லா ஷேடும் பார்த்திருக்கான், ஒண்ணைத் தவிர. அடர்த்தியில இருந்து வெளிறினது வரைக்கும் வரிசையா வெச்சா, அந்த ஒண்ணு இல்லாத இடத்துல காலியா இருக்கிறது அவனுக்குத் தெரியும். அந்த நிறத்தை மனசாலயே நிரப்பிக்கவும் முடியும்னு ஒத்துக்கிறார். உடனே, இது ஒரே ஒரு அபூர்வ விஷயம், இதுக்காகப் பொது விதியை மாத்த வேண்டியதில்லைன்னு தாண்டிப் போயிடறார்.

எங்களுக்கு இது அபூர்வமில்லைங்க. தினம் நடக்கிறது. துணி வாங்குற பையர் ஒரு துணித்துண்டு அனுப்புவார், அதுக்கு லேப் டிப் போடணும், அதாவது அதே நிறத்துல ஒரு மாதிரித் துண்டுக்குச் சாயம் போட்டுப் பார்க்கணும். நம்ம கைவசம் இருக்கிற ரெண்டு ஷேடுக்கு நடுவுல அது எங்க விழும்னு தொட்டியில துணி இறங்கிறதுக்கு முன்னாடியே மனசுல தெரிஞ்சிடும். இதுவரை பார்க்காத நிறமா இருந்தாலும் தெரியும். அப்போ ‘எல்லாம் நகல்’ங்கிற விதி நிக்குதா, நிக்கலையா? பெரியவங்க சொல்லுங்க.

பழைய நாணயம்:

சாயத்தொட்டி, நீங்கள் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஹியூம் பொறுக்கச் சொன்ன கதிர் இதுதான். அந்த இடத்தைப் பலரும் கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். தன் விதிக்கு எதிரான சான்றைத் தானே எழுதிவைத்த நேர்மையை நான் மதிக்கிறேன், தாண்டிப் போன வேகம் எனக்கும் உறுத்துகிறது. ஓர் அபூர்வம் என்று அவர் நினைத்ததற்குக் காரணம், நிறத்தோடு தொழில் செய்கிறவர் யாரிடமும் அவர் கேட்காததாக இருக்கலாம் என்று உங்கள் பதிவைப் படித்ததும் தோன்றியது. ‘எல்லாம் நகல்’ என்ற அந்த விதி நிற்குமா என்பதைப் பிறகு எழுதுகிறேன், யோசிக்க வேண்டும்.

அந்திமல்லி:

முன்யோசனையே மனசைக் கெடுத்துவிடும் என்று பழைய நாணயம் அண்ணா எழுதியதைப் பற்றி ஒரு சொந்த அனுபவம் சொல்கிறேன்.

நான் நர்ஸ். ஒரு கட்டத்தில் எனக்குக் கோபம் ரொம்ப அதிகமானது. இரவுப் பணி, ஆள் பற்றாக்குறை, வீட்டில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. எப்போது, யார்மேல், எதனால் கோபம் வருகிறது என்று எழுதி வைக்கலாமென ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். யூனிபார்ம் பாக்கெட்டில் நுழைகிற அளவு. முதல் நாள் ஏழு தடவை எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு நோயாளியின் மகன் என்னிடம் சத்தம் போட்டார். எனக்கு உள்ளே சுர்ரென்று ஏறியது. கை பாக்கெட்டுக்குப் போனது, பேனா மூடியைத் திறந்தேன், ‘4.20, வார்டு வாசல்’ என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்கு வருவதற்குள் கோபம் போய்விட்டது. எழுத எதுவுமே மிச்சமில்லை. இரண்டு வாரத்தில் நோட்டில் வெறும் நேரமும் இடமும்தான் இருந்தன.

எனக்கு அது நல்லதாகப் போயிற்று, ஆனால் கோபத்தை ஆராய நினைத்தவளுக்குக் கையில் கோபம் அகப்படவில்லை. ஹியூம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். முதல் பகுதி கடைசியில் ‘நான்’ என்பதைத் தேடி உள்ளே போய்ப் பார்க்கிறார் அல்லவா? எப்போது போனாலும் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், அன்பு, வெறுப்பு என்று ஏதோ ஓர் உணர்வுமேல்தான் தட்டித் தடுக்கி விழுகிறேன், ‘நான்’ என்று தனியாக ஒன்று தட்டுப்படவே இல்லை என்கிறார். ‘நான்’ என்பது உணர்வுகளின் ஒரு கட்டு என்று முடிவு செய்கிறார். உள்ளே பார்ப்பதே பார்க்கப்படுவதைக் கெடுக்கும் என்று முன்னுரையில் எழுதியவர், இங்கே மட்டும் உள்ளே பார்த்ததை எப்படி நம்பினார்? என் கோபம் கரைந்த மாதிரி, தேடும்போது அவருடைய ‘நானு’ம் கரைந்திருக்கலாமே?

வெண்கொக்கு:

அந்திமல்லி அக்கா, இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பழைய நாணயம்:

வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

என்னால் முடிந்த பதில்: ஹியூம் முன்னுரையில் எச்சரிப்பது ஆசைகளும் பற்றுகளும் செயல்படும் விதத்தைப் பற்றி. இப்போது என்ன உணர்கிறேன் என்று ஒரு கணம் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தப் பிரிவினை நிற்குமா என்று எனக்கே சந்தேகம். அவருக்கும் நிம்மதி இல்லை. 1740-இல் மூன்றாம் பகுதியோடு சேர்த்த பின்னிணைப்பில், இந்த ‘நான்’ பற்றிய அதிகாரத்தைத் திரும்பப் பார்க்கும்போது சிக்கலான பாதைகளுக்குள் வழி தெரியாமல் நிற்கிறேன், முன்பு எழுதியதை எப்படித் திருத்துவது என்றும் தெரியவில்லை, எப்படி ஒத்துப்போக வைப்பது என்றும் தெரியவில்லை என்று அச்சிலேயே ஒப்புக்கொள்கிறார். புத்தகம் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

முதல் பகுதியின் முடிவுரையையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். சந்தேகம் அவரைத் தின்கிறது, எங்கே இருக்கிறேன், யார் நான் என்று இருள் சூழ்கிறது. அறிவு அவரைக் காப்பாற்றவில்லை. சாப்பிடுகிறார், நண்பர்களோடு பாக்கேமன் என்ற பகடை விளையாட்டு ஆடுகிறார், பேசிச் சிரிக்கிறார். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பினால் அந்தச் சிந்தனைகள் குளிர்ந்து, வலிந்து இழுத்ததாகத் தெரிகின்றன. தன்மேலேயே ஒரு சோதனை நடத்தி முடிவை எழுதியிருக்கிறார் என்றுதான் அதை நான் படிப்பேன். தனியறையில் மனம் ஒரு விதம், கூட்டத்தில் வேறு விதம்.

கரைவலை:

இடையில் ஒரு புதுச்சேரிச் செய்தி. ‘ஆய்வுரை’யின் பெரும்பகுதியை ஹியூம் எழுதியது பிரான்சில், லா ஃப்ளெஷ் என்ற சிற்றூரில். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் படித்த ஏசுசபைக் கல்லூரி அங்கேதான். அற்புதங்களுக்கு எதிரான தன் வாதம் அந்தக் கல்லூரி முற்றத்தில் ஒரு பாதிரியாரோடு நடந்துகொண்டே பேசும்போது உதித்தது என்று ஹியூமே பின்னாளில் கடிதத்தில் சொல்கிறார். அந்தச் சமயம் அங்கே ஓய்வில் இருந்தவர்களில் ஒருவர் சார்ல் ஃபிரான்சுவா தோலு. சயாமில் (இன்றைய தாய்லாந்து) பௌத்தத் துறவிகளைப் பார்த்தவர், பிறகு புதுச்சேரியில் இருந்தவர். ‘நான்’ என்று ஒன்று இல்லை என்ற பௌத்தப் பேச்சு இவர் வழியாக ஹியூம் காதில் விழுந்திருக்கலாமோ என்று அலிசன் காப்னிக் என்ற உளவியலாளர் 2009-இல் எழுதினார். இருவரும் பேசிக்கொண்டதற்கு நேரடிச் சான்று இல்லை, ஊகம்தான். ஆனாலும் புதுச்சேரிக்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடுநிசி:

எல்லோரும் அன்போடு பேசுகிறீர்கள். ஒருவர் கசப்பானதையும் பேசியாக வேண்டும்.

வெண்கொக்கு, உங்கள் முதல் கேள்விக்கு இன்னொரு பதில் 1748-இல் வந்த ‘மனித அறிதிறன் பற்றிய விசாரணை’யில் இருக்கிறது. போர்கள், சூழ்ச்சிகள், கட்சிச் சண்டைகள், புரட்சிகள் பற்றிய வரலாற்றுப் பதிவுகளெல்லாம் பரிசோதனைகளின் தொகுப்புகள் என்கிறார். மனிதர் எக்காலத்திலும் எவ்விடத்திலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கிரேக்கரையும் ரோமரையும் தெரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் கவனித்தால் போதும் என்கிறார். கவனித்தது நாலு ஐரோப்பிய நாடுகளை, முடிவு மனித குலம் முழுவதற்கும்.

அதையாவது அவசரம் என்று விடலாம். அதே 1748-இல் வந்த ‘தேசியக் குணங்கள்’ கட்டுரையை எடுங்கள். தட்பவெப்பம் குணத்தைத் தீர்மானிக்காது, அரசும் வறுமையும் தொழிலும் பழகும் கூட்டமும்தான் தீர்மானிக்கின்றன என்று வாதாடுகிற கட்டுரை. நல்ல கட்டுரை. 1753-இல் அதற்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று சந்தேகிக்கிறேன் என்று. ஜமைக்காவில் கற்றறிந்த ஒருவரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், அவரும் நாலு சொல்லைத் தெளிவாகச் சொல்லும் கிளியைப் போலத்தான் இருப்பார் என்று. அவர் குறிப்பிட்டது பிரான்சிஸ் வில்லியம்ஸ். லத்தீனில் கவிதை எழுதியவர்.

அடிமை வணிகம் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த அடிக்குறிப்பை மேற்கோள் காட்டி அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கினார்கள். இவர்தான் மனித இயல்பின் ஆராய்ச்சியாளரா? ஒரு மனிதரைச் சந்திக்காமல், அவர் எழுதியதைப் படித்ததற்கு ஓர் அறிகுறிகூடக் காட்டாமல் கிளி என்று எழுதினவருக்கு ‘கவனமான பார்வை’ பற்றிப் பேச என்ன உரிமை? 2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவர் பெயரிலிருந்த கோபுரக் கட்டடத்தின் பெயரை நீக்கியது. அதைக் கேட்டு வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த அடிக்குறிப்பைப் படித்திருப்பார்கள்?

பழைய நாணயம்:

நடுநிசி, உங்கள் கோபம் நியாயமானது. அந்த அடிக்குறிப்பை வகுப்பில் பல வருடம் நான் பேசாமல் கடந்திருக்கிறேன். அது தவறு.

‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்திலேயே பதில் வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டி 1770-இல் அச்சில் மறுத்தார். கல்வியும் சுதந்திரமும் மறுக்கப்பட்ட அடிமையைப் பார்த்துவிட்டு அவன் இனத்தின் அறிவை எப்படி அளப்பாய், மெக்சிகோவிலும் பெருவிலும் எழுந்த அரசுகளை எங்கே வைப்பாய் என்று கேட்டார். தத்துவத்தில் பீட்டி ஹியூமுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவர் அல்லர். இந்த ஒன்றில் அவர் கேட்டதுதான், அறிவு அனுபவத்திலிருந்தே வருகிறது என்கிற ஓர் அனுபவவாதி கேட்க வேண்டிய கேள்வி.

என்னை அதிகம் உலுக்குவது வேறு. ‘ஆய்வுரை’யின் முதல் பகுதி, மூன்றாம் பாகம், பதின்மூன்றாம் அதிகாரம். முன்முடிவு எப்படிப் பிறக்கிறது என்று ஹியூம் விளக்குகிற இடம். சில உதாரணங்களை வைத்து அவசரமாகப் பொதுவிதி கட்டிவிடுகிறோம். அயர்லாந்துக்காரனுக்குச் சாதுரியம் கிடையாது, பிரெஞ்சுக்காரனுக்கு நிதானம் கிடையாது என்று தீர்மானித்துவிட்டால், எதிரே நிற்கிற அயர்லாந்துக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் மடையர்தான் என்று சாதிக்கிறோம் என்கிறார். கண்முன்னே சான்று இருந்தும் பழக்கம் அதை விழுங்கிவிடுகிறது. இதை 1739-இல் எழுதினார். பதினான்கு வருடம் கழித்து, கற்றறிந்த ஒரு ஜமைக்காக்காரர் என்ற சான்று எதிரே வந்தபோது, தான் வரைந்த அந்தப் படத்துக்குள்ளேயே போய் நின்றார். மனம் பழக்கத்தின் பிடியில் இருக்கிறது என்பதற்கு அவர் நூலில் எத்தனையோ உதாரணங்கள் உண்டு: பில்லியர்ட் பந்து, ரொட்டி, நாளைக்கு உதிக்கும் சூரியன். எல்லாவற்றையும்விட வலுவான உதாரணம் அந்த அடிக்குறிப்புதான். அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. அவர் கொடுத்த கருவியாலேயே அவரைப் பிடிக்க முடிகிறது என்கிறேன், அந்தக் கருவியை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

நடுநிசி:

கருவியை நானும் விடச் சொல்லவில்லை ஐயா. அந்த அதிகாரமும் அந்த அடிக்குறிப்பும் ஒரே பாட வகுப்பில் சேர்த்து வைக்கப்பட வேண்டும். அது நடந்தால் போதும்.

பழைய நாணயம்:

ஓய்வு பெற்றுவிட்டேன். இங்கே எழுதுவதுதான் இனி என் வகுப்பு. இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

சாயத்தொட்டி:

மறுபடியும் வந்துட்டேன்ங்க. ஒரு காரியம் செஞ்சு பார்த்தேன், சொல்லணும்.

எங்க லேப்ல ஒரே நீலத்துல அடர்த்தி குறைச்சுக் குறைச்சு 11 பட்டை போட்ட அட்டை ஒண்ணு இருக்கு. சதவீதம் எழுதின சீட்டையெல்லாம் உரிச்சுட்டு, ஏழாவது பட்டையை எடுத்து என் டிராயர்ல வெச்சுக்கிட்டேன். மீதி பத்தையும் இடைவெளி தெரியாம நெருக்கி ஒட்டினேன். யார்கிட்டயும் மூச்சு விடலை. சொன்னா பார்க்கிற பார்வையே மாறிடும்னு அந்திமல்லி அக்காவோட நோட்டு ஞாபகத்துல இருந்துச்சு.

லேப்ல சேர்ந்து நாலு மாசமான பையன் காலையில இருந்து அந்த அட்டையை வெச்சு வேலை பார்த்தான். ஒண்ணும் சொல்லலை. மத்தியானம் மாஸ்டர் வந்தார். இந்தத் தொழில்ல முப்பது வருஷத்துக்கு மேல. லைட் பாக்ஸுக்குள்ள அட்டையை வெச்சு ஒரு பார்வைதான். “நடுவுல ஒரு படி எங்கடா?”ன்னார்.

வெண்கொக்கு:

சாயத்தொட்டி அண்ணா, நூலைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வருகிறேன். ஹியூம் யாரை வேண்டுமானாலும் சொல்லவில்லை! முப்பது வருடம் கண்பார்வையோடு வாழ்ந்து, எல்லா நிறங்களோடும் நன்றாகப் பழகிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் தொடங்குகிறார். முப்பது வருடம் என்று அப்படியே இருக்கிறது. இவ்வளவு நாள் அதைச் சும்மா ஓர் எண் என்று தாண்டிப் போயிருக்கிறேன். பையனுக்குத் தெரியாமல் போனதும் மாஸ்டருக்குத் தெரிந்ததும் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. காலி இடம் தெரிந்தது சரி. நிறத்தை மனசால் நிரப்ப முடிந்ததா? அதைக் கேட்டீர்களா?

சாயத்தொட்டி:

கேட்டேன்ங்க. ஏழாவது பட்டையைக் காட்டாம, அந்தப் படிக்கு ரெசிபி எழுதித் தாங்க மாஸ்டர்னேன். ஏன் எதுக்குன்னு கேட்காம, பழைய பில் ஒண்ணோட பின்பக்கத்துல மூணு சாயத்துக்கும் கணக்கு எழுதிக் கொடுத்தார். பையன்தான் லேப் டிப் போட்டான். சாயந்திரம் துணி காய்ஞ்சதும் டிராயரைத் திறந்து ஏழாவது பட்டையை எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சோம், மூணு பேரும் குனிஞ்சு பார்த்தோம். அடர்த்தி அப்படியே இருந்துச்சு. மாஸ்டரோடதுல மட்டும் சிவப்பு ஒரு இழை தூக்கல். அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னது அந்தப் பையன்ங்க.